கடற்பாசியைப் பட்டினி போட்டால் மீன்தொட்டி சுத்தமாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நன்னீர் வண்ணமீன்களைப் பற்றியே தமிழில் அரிதாகத்தான் எழுதப்படுகிறது என்ற நிலையில், கோமாளி மீனும் கடல் சாமந்தியும் வாழும் தொட்டிக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்காக மகிழ்ந்தேன். ஆயினும், தொட்டிக்குக் கீழே உள்ள சம்ப் என்ற துணைத்தொட்டியில் ஒரு கைப்பிடி கடற்பாசியைப் போட்டு விளக்கைப் போட்டுவிட்டால் தண்ணீர் தானாகவே சுத்தமாகிவிடும், அதற்கென்று தனிப் பராமரிப்பு எதுவும் தேவையில்லை என்ற பொருளில் அதில் வந்துள்ள ஒரு பத்தி திருத்தப்பட வேண்டியது. அதை நம்பிப் பாசியை வாங்கி, அது வெளுத்து அழுகுவதையும், அதோடு மீன்களும் சாவதையும் பார்த்துவிட்டு, இந்தப் பொழுதுபோக்கையே கைவிட்டவர்கள் பலரை நான் அறிவேன்.

கடற்பாசி ஒரு வடிகட்டி அல்ல, உயிர். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது தன் உடற்பரப்பு முழுவதாலும் உறிஞ்சி, ஒளியின் துணையோடு தன் உடலாக மாற்றிக்கொள்கிறது. ஆகவே, பாசி வளர்ந்தால் மட்டுமே தண்ணீரில் அவை குறையும். வளர்ந்ததை நாம் அறுத்து வெளியே எடுத்தால் மட்டுமே அவை தொட்டியை விட்டு நீங்கும். வளராமல் நிற்கும் பாசி எதையும் சுத்தம் செய்வதில்லை. அழுகும் பாசியோ, பல மாதங்களாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் ஓரிரு நாளில் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தண்ணீர் கெட்டதனால் பாசி செத்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாசி செத்ததனால் தண்ணீர் கெட்டது என்பதே பல வீடுகளில் நடந்திருக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை சில வகைகளே. மெல்லிய, விறைப்பான இழைகள் சிக்கிச் சுருண்டு கிடக்கும் கீட்டோமார்ஃபா. கொடியாக ஓடி இலைபோன்ற கிளைகளை விடும் காலெர்பா. சிவப்பும் பழுப்புமாகக் கிளைக்கும் கிராசிலேரியா. சுண்ணாம்புத் தகடுகளைக் கோத்ததுபோல் வளரும் ஹாலிமீடா. நான்கின் தேவைகளும் ஒன்றல்ல. சான்றாக, ஹாலிமீடா தன் உடலைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுவதால், தண்ணீரில் கால்சியம் 400 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 400 பங்கு) மேலும், காரத்தன்மை பவளங்களுக்கு வேண்டிய அளவிலும் இல்லாவிட்டால் அது நிற்காது. கீட்டோமார்ஃபாவுக்கு அந்தக் கவலை இல்லை. புதிதாகத் தொடங்குபவர் கீட்டோமார்ஃபாவோடு தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. காலெர்பாவை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

பாசி சாவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் அழுக்கு அல்ல, பட்டினி. எங்கள் பகுதியில் ஓர் உணவகத்தின் வரவேற்பறையில் பெரிய கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. பாசி வெளுக்கிறதே என்று அதன் உரிமையாளர் என்னை அழைத்துக் காட்டினார். சம்ப்பில், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் வலுவான புரோட்டீன் ஸ்கிம்மர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு மணிகள் நிரப்பிய குழாய். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் நைட்ரேட்டும் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். அதை அவர் பெருமையாகவே காட்டினார். கீட்டோமார்ஃபா உருண்டையை வெளியே எடுத்துப் பிரித்தபோது, மேற்புறம் வெளிர்பச்சையாகவும், உட்புறம் வைக்கோல் நிறத்திலும் இருந்தது. ஓர் இழையை இரு விரல்களுக்கிடையே வைத்து நெருடியதும், நரநரவென்று ஒடிய வேண்டியது கூழாக நசுங்கியது. நலமான கீட்டோமார்ஃபாவைக் கையில் எடுத்தால் விரலைக் குத்தும் விறைப்பு இருக்கும், அதன் நடுவிலிருந்து கூனிபோன்ற சிறுபூச்சிகள் துள்ளி விழும். இதில் ஒன்றுமே இல்லை. அந்த மணிக்குழாயை நிறுத்தி, மீன்களுக்குத் தீனியைச் சற்றுக் கூட்டி, வைக்கோல் நிறப் பகுதியைக் கழித்துவிட்டு, மீதியைத் தளர்த்திப் போடச் சொன்னேன். அதே பாசி மெல்லப் பச்சை கட்டி வளரத் தொடங்கியது.

இதன் பின்னால் உள்ள கணக்கு எளியது. கடலடியில் ஒட்டி வாழும் பாசிகளின் உடலில் ஓர் அணு பாஸ்பரசுக்கு ஏறத்தாழ 30 அணு நைட்ரஜனும் 550 அணு கார்பனும் இருப்பதாக 1980-களிலேயே அளந்திருக்கிறார்கள். நாம் டெஸ்ட் கிட்டில் பார்க்கும் பி.பி.எம். அளவுக்கு இதை மாற்றினால், ஒரு பங்கு பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளப் பாசிக்குச் சுமார் 20 பங்கு நைட்ரேட் வேண்டும். ஒரு தொட்டியில் பாஸ்பேட் 0.3 பி.பி.எம். ஏறி, நைட்ரேட் பூஜ்யத்தில் நின்றால், எவ்வளவு விளக்கைப் போட்டாலும் பாசி அந்தப் பாஸ்பேட்டைத் தொடாது. நைட்ரேட்டை அளந்து சிறிது சிறிதாகச் சேர்த்தால்தான் பாஸ்பேட் இறங்கத் தொடங்கும். கழிவைக் குறைக்கக் கழிவையே சேர்ப்பதா என்று கேட்பவருக்கு இது முரணாகத் தோன்றலாம், ஆனால் உண்மை இதுவே. பவளமும் பாசியும் சேர்ந்து வாழும் தொட்டியில் நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். வரையும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரையும் இருப்பது இரண்டுக்கும் ஏற்றது. பூஜ்யத்தை இலக்காகக் கொள்ளும் பழக்கத்தைக் கடைக்காரர்களும் வாங்குபவர்களும் கைவிட வேண்டும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சரியாக இருந்தும் புதுக்கொழுந்து வெளுத்தே வருமானால், இரும்புச் சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். கடல்நீரின் காரத்தன்மையில் இரும்பு கரைந்து நிற்காமல் விரைவில் படிந்துவிடும். ஆகவே கீலேட் செய்யப்பட்ட, அதாவது படியாமல் கரைந்தே நிற்கும்படி பிணைக்கப்பட்ட, இரும்புக் கரைசலை மிகச் சிறிய அளவில், வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம். அளவு மீறினால் பாசி செழிக்கிறதோ இல்லையோ, பாறையிலும் கண்ணாடியிலும் வேண்டாத நூற்பாசி செழிக்கும். மாங்கனீசு முதலிய மற்ற நுண்சத்துகளை நல்ல உப்புக் கலவையில் முறையாகத் தண்ணீர் மாற்றுவதாலேயே பெரும்பாலும் ஈடுகட்டிவிடலாம்.

ஒளியைப் பொறுத்தவரை, பவளத்துக்கு உகந்த நீல விளக்கு மட்டும் பாசிக்குப் போதாது. 6500 கெல்வின் வெண்ணிற விளக்கோ, சிவப்பும் நீலமும் கலந்த செடி வளர்ப்பு எல்.இ.டி.யோ வேண்டும். சம்ப் விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலில் அணைக்கும் முறையை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். இரவில் மேல்தொட்டியில் ஒளிச்சேர்க்கை நின்று, எல்லா உயிரும் கரியமில வாயுவை விடுவதால் தண்ணீரின் பி.எச். இறங்கும், அந்த நேரத்தில் கீழே பாசி அவ்வாயுவை எடுத்துக்கொண்டால் இறக்கம் குறையும், விடியும் நேரத்து ஆக்சிஜன் தட்டுப்பாடும் குறையும்.

நீரோட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாசியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய அசையா நீர்ப்படலம் ஒட்டியிருக்கும். சத்துகள் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். நீர் நன்றாக ஓடினால் அந்தப் படலம் மெலியும், உணவு விரைந்து சேரும். அதோடு, ஓட்டம் குறைந்த இடத்தில் இழைகளுக்கிடையே கசடு தங்கி, அதன் மேல் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசியும் சிவப்புச் சளிபோன்ற சயனோபாக்டீரியாவும் படர்ந்து ஒளியை மறைத்துவிடும். உருண்டை மெதுவாகப் புரளும் அளவுக்கு பவர்ஹெட் என்ற நீரோட்ட மோட்டார் சிறிதாக ஒன்று வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. கசடு தங்கிய பாசியைத் தொட்டி நீரில்தான் அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் காட்டினால் உப்பில் வாழ்ந்து பழகிய செல்கள் பாதிக்கப்படலாம்.

சென்னை போன்ற ஊரில் வெப்பமும் தண்ணீரும் தனியாகச் சொல்லத் தக்கவை. தொட்டிக்கு உகந்தது 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். ஏப்ரல், மே மாதங்களில் மூடிய அறையில் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடும். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், உயிர்களின் தேவையோ கூடும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க இயலாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அப்போது தண்ணீர் விரைந்து ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த தண்ணீரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் அன்றாடம் ஈடுசெய்து, உப்பின் அளவை ஆயிரத்துக்கு 35 என்ற நிலையில் நிறுத்த வேண்டும். இதற்குக் கேன் தண்ணீர் வேண்டாம், அதில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு (டி.டி.எஸ்.) ஒவ்வொரு கேனுக்கும் மாறுகிறது. போர்வெல் தண்ணீரில் சிலிக்கேட் மிகுந்திருப்பின், முன்சொன்ன பழுப்பு டயாட்டத்துக்கு அதுவே விருந்து. கடலிலிருந்து பிடித்து வந்து விற்கும் நீரைப் பயன்படுத்துவோர், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் ஒரு குடம்கூட ஊற்றக் கூடாது. கூவமும் அடையாறும் பெருகிக் கலக்கும் நாட்களில் கரையோர நீரின் உப்பு வெகுவாக இறங்கிவிடுகிறது.

இனி அறுவடை. கீரைப்பாத்தியில் பறிக்கப் பறிக்கத்தான் துளிர்க்கும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்தது. கடற்பாசிக்கும் அதுவே விதி. உருண்டை பெருத்துவிட்டால் அதன் நடுப்பகுதிக்கு ஒளியும் ஓட்டமும் போகாமல் உள்ளிருந்தே அழுகத் தொடங்கும். வளர்ச்சியைப் பார்த்து மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மீதியைப் பிரித்துவிட வேண்டும். எடுத்ததைப் பிழிந்து எடை போட்டுக் குறித்து வைப்பவருக்கு, தொட்டியின் நலம் டெஸ்ட் கிட் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும். எடை குறையத் தொடங்கினால் ஒளி, ஓட்டம், சத்து ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது என்று பொருள்.

காலெர்பாவுக்கு வருகிறேன். அழகில் அதற்கு இணையில்லை. இறகு வடிவிலும், குண்டுமணிக் கொத்து வடிவிலும் அது விரிவதைக் கண்டு மயங்காதவர் குறைவு. ஆனால் மீட்டர் கணக்கில் நீளும் ஒரு காலெர்பாக் கொடி முழுவதும் குறுக்குச் சுவர் இல்லாத ஒரே செல். அதற்குள் எண்ணற்ற உட்கருக்கள் மிதக்கின்றன. இனப்பெருக்கக் காலம் வந்தால் அந்தச் செல் தன்னிடமுள்ள உயிர்ப்பொருள் முழுவதையும் இனச்செல்களாக்கி விடியற்காலையில் நீரில் விட்டுவிட்டு இறந்துவிடுகிறது. முந்தைய நாளே உற்றுப் பார்த்தால் தெரியும்: இலைகளில் பச்சை திட்டுத்திட்டாகப் பிரியும், நுனிகள் கண்ணாடியாகத் தெளியும். மறுநாள் காலையில் தண்ணீர் பச்சையும் பாலும் கலந்ததுபோல் கலங்கி, எதிர்ப்பக்கக் கண்ணாடி தெரியாமல் நிற்கும். கொடி இருந்த இடத்தில் வெள்ளைத் தோல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். அந்த நேரத்தில் மின்வெட்டும் சேர்ந்தால் ஒரு மீனும் மிஞ்சாது. உப்பின் அளவோ, வெப்பமோ, ஒளி நேரமோ, சத்தின் அளவோ திடீரென மாறும்போது இது நேர்வதை வளர்ப்போர் அடிக்கடி கண்டிருக்கிறார்கள். நுனி தெளிவதைக் கண்டவுடன் அந்தக் கொடியை முழுவதுமாக எடுத்துவிட்டு, காற்றுக்குழாயைக் கூட்டி, ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து, ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டால் தொட்டியைக் காப்பாற்றிவிடலாம். காலெர்பாவை அறுவடை செய்யும்போதும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டாமல், ஓடும் கொடி ஒன்றை அடியோடு பிரித்தெடுப்பதே முறை; செல் ஒன்றே என்பதால் ஒவ்வொரு வெட்டும் அதன் சாற்றை வெளியே விடும் காயமாகிறது.

மீனுக்கு வெண்புள்ளி நோய் கண்டால் தாமிர மருந்தை நேராகத் தொட்டியிலேயே ஊற்றச் சொல்லும் கடைகள் இன்றும் உள்ளன. தாமிரம் பாசியையும் இறாலையும் பவளத்தையும் கொல்லும். பாறையிலும் மணலிலும் தங்கிப் பிறகும் கசியும். நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருத்துவம் செய்ய வேண்டும்.

தங்கள் கட்டுரை சிறிதும் தொடாத ஒன்று, அறுத்த பாசியை என்ன செய்வது என்பது. இதைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். 1984-ஆம் ஆண்டு மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே உள்ள கடலில், மீன்காட்சியகங்களில் வளர்க்கப்பட்டுவந்த காலெர்பா டாக்சிஃபோலியா சிறு திட்டாகக் காணப்பட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்தத் திட்டு பின்னர் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோவேசியா, துனிசியா வரை பரவி, கடற்புல் வெளிகளை மூடியது. உடைந்த சிறு துண்டு ஒன்று நங்கூரத்திலோ வலையிலோ சிக்கிப் போய் விழுந்தாலே அங்கு வேர்விடும் என்பதுதான் காரணம். 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகரத்துக் கழிமுகத்தில் அதே வகை கண்டறியப்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் செலுத்தி அழித்தார்கள். முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 வரை ஆயிற்று, பல மில்லியன் டாலர் செலவாயிற்று. 2001-இலேயே அம்மாநிலம் ஒன்பது காலெர்பா வகைகளை வைத்திருக்கவும் விற்கவும் தடை விதித்தது.

அது அயல்நாட்டுக் கதை என்று விட்டுவிட முடியாது. பிலிப்பைன்ஸ் கடற்பகுதியிலிருந்து வந்த கப்பாஃபைகஸ் பாசி, இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊர்ப் பகுதியில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டு, குருசடைத் தீவை ஒட்டிய உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் பதிவு செய்தார்கள். கடலோர மக்களுக்கு வருவாய் தரும் ஒரு பயிரே இப்படி எல்லை தாண்டும்போது, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத தொட்டிப் பாசியை, உயிரைக் கொல்ல மனமில்லை என்று பெசன்ட் நகர்க் கடற்கரையில் கொண்டுபோய் விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை வாசகர்கள் உணர வேண்டும். மழைநீர் வடிகாலில் கொட்டுவதும் கடலில் கொட்டுவதே.

பாசியை வாங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். இராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் மூச்சடக்கி மூழ்கிக் கையால் பறித்து அகர் ஆலைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சூழ்ந்த பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவானதால் அவர்களுக்கே அங்கு நுழையத் தடை இருக்கிறது. வாழ்வாதாரத்துக்காகப் பறிப்பவர்கள் படும் பாடு அப்படியிருக்க, அழகுக்காகத் தொட்டி வைக்கும் நாம் அங்கிருந்து பாசியையோ, பாசி படிந்த பவளக்கல்லையோ வரவழைப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் கற்பவளங்கள் இருப்பதால், அந்தக் கல்லை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகலாம். பாசிக்குச் சிறந்த ஊற்று, ஏற்கெனவே நன்றாக வளர்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு வளர்ப்பாளரின் அறுவடை மிச்சம்தான். அதைக்கூட நேரே தொட்டியில் போடாமல், ஒளியும் காற்றும் உள்ள தனி வாளியில் சில வாரம் வைத்து, ஏப்டேசியா என்ற களைபோல் பெருகும் சிறு கடல் சாமந்தி போன்ற தொல்லைகள் தலைகாட்டவில்லை என்று உறுதி செய்த பிறகே சேர்க்க வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, பராமரிப்பே தேவையில்லை என்ற அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டும். இரண்டாவது, இனி இத்தகைய கட்டுரை வரும்போதெல்லாம், அறுத்த பாசியைக் கழிக்கும் முறையையும் ஒரு கட்டத்துக்குள் அச்சிட வேண்டும். அம்முறை கடினமானதல்ல. சர்ஜன் மீன் வளர்ப்பவர் கிராசிலேரியாவை அதற்கே தீனியாகக் கொடுக்கலாம். மற்றதை உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடி வெயிலில் நொறுங்கும்வரை காயவைத்துச் செடித்தொட்டி மண்ணில் கலந்துவிடலாம். பாசி கிடந்த வாளித் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி, சிறிது பிளீச்சிங் பவுடர் கலந்து ஒருநாள் வைத்திருந்து கழிவறையில் ஊற்ற வேண்டும். துணியில் தங்கிய துணுக்குகளையும் வெயிலிலேயே காயவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி வளர்க்கும் வாசகர்,
சென்னை.